குரோம்பேட்டை பெயரில் இருக்கும் 'குரோம்'... கொத்தனார் கையில் புண்ணாக இருக்கிறது!

குரோம்பேட்டை:
காலை 7 மணி. ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் டீக்கடை வாசலில் கொத்தனார்களும் சித்தாள்களும் பெரியாள்களும் கும்பலாக நிற்கிறார்கள். கரணை, மட்டப்பலகை, சாப்பாட்டுத் தூக்கு. மேஸ்திரி வந்து ஆள் பொறுக்குவார். அஸ்தினாபுரம், சிட்லபாக்கம், நெமிலிச்சேரி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வீடு எழும்புகிறது. வேலைக்குப் பஞ்சம் இல்லை.

டீ கிளாஸைப் பிடித்திருக்கும் கைகளைக் கொஞ்சம் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். விரல் இடுக்கில் வெடிப்பு. புறங்கையில் கறுத்துத் தடித்த தோல். மணிக்கட்டில் சொறிந்து சொறிந்து நீர் வடிந்த தழும்பு. கேட்டால், "சிமெண்ட் தின்னுடுச்சு" என்று ஒரே வரியில் பதில் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சிமெண்ட் தின்றது பாதி உண்மை. மீதிப் பாதி வேறு. அந்தக் கையைத் தின்பது பலருக்கு அவர்கள் உடம்பேதான்!

ஊரின் பெயர் வந்த கதை

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் பழைய ஆட்கள் 'குரோம் லெதர்' கம்பெனியைச் சொல்வார்கள். 1900-களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, மெட்ராசில் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறையைச் சோதித்துப் பார்த்தார். அதுவரை ஆவாரம்பட்டை போட்டுத்தான் இங்கே தோல் பதனிட்டார்கள். பட்டையில் நாள்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோமில் சீக்கிரம் பதமாகிவிடும். அடுத்த சில வருஷங்களில் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை ஒட்டி குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். சுற்றி வந்த பேட்டை குரோம்பேட்டை ஆனது. அவர் பெயரில் சேம்பர்ஸ் காலனி இன்றைக்கும் இருக்கிறது.

நாகல்கேணி பக்கம் தோல் ஷாப்புகள் பெருகின. வேலை கிடைத்தது, கூடவே கழிவும் வந்தது. இந்தப் பகுதி நிலத்தடி நீரை அண்ணா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2012-ல் வெளியிட்ட முடிவில், பெரும்பாலான மாதிரிகளில் குரோமியம் குடிநீர் வரம்பைத் தாண்டியிருந்தது. குடிநீர் வரம்பு என்பது லிட்டருக்கு 0.05 மில்லி கிராம்.

ராணிப்பேட்டை கதை இதைவிட மோசம். அங்கே குரோமேட் உப்பு தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு, 25 வருஷம் தாண்டியும் குவியலாகவே கிடந்தது.

இதெல்லாம் அடிக்கடி செய்தியில் வந்த விஷயம்தான். செய்தியில் வராதது, அதே குரோமியம் சிமெண்ட் மூட்டையிலும் இருக்கிறது என்பதுதான்.

மூட்டைக்குள் எப்படி வந்தது?

குரோமியத்தை யாரும் சிமெண்டில் சேர்ப்பதில்லை. சுண்ணாம்புக்கல்லிலும் களிமண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும். அது குரோமியம்-3 என்ற சாது ரகம். சிமெண்ட் சூளையில் 1,400 டிகிரிக்கு மேல் வேகும்போது அதில் ஒரு பகுதி குரோமியம்-6 ஆக மாறிவிடுகிறது. இது தண்ணீரில் சட்டென்று கரையும் ரகம். தோலுக்குள்ளும் எளிதாக நுழையும்.

மூட்டை காய்ந்து கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. தண்ணீர் ஊற்றிக் கலவை போட்டதும்தான் வினை. ஈரச் சிமெண்டின் காரத்தன்மை சோடா உப்பைவிடப் பல மடங்கு அதிகம். அது முதலில் தோலை அரித்து வாசல் திறந்து விடுகிறது. பின்னாலேயே குரோமியம்-6 உள்ளே போகிறது.

இந்தச் சேதி புதுசு இல்லை. சிமெண்ட் புண்ணுக்குக் காரணம் குரோமியம்தான் என்று சுவிட்சர்லாந்து டாக்டர்கள் கண்டுபிடித்து எழுதியது 1950-ல்!

ரத்தம் மாறினால் நடப்பதும் இதுதான்

உடம்புக்குள் எதிர்ப்பு சக்தி என்று ஒரு காவல்படை இருக்கிறது. கிருமி வந்தால் அடித்து விரட்டும். அந்தப் படை ஆள் மாறி அடிக்க ஆரம்பித்தால் அதுதான் ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. ஜெல், கூம்ப்ஸ் என்ற இரண்டு பேர் 1963-ல் இந்த அடியை நாலு வகையாகப் பிரித்தார்கள்.

குளவி கொட்டினாலோ, பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனாலோ நிமிஷத்தில் மூச்சு திணறி ஆள் சாய்வது முதல் வகை. ஓ குரூப் ஆளுக்கு ஏ குரூப் ரத்தத்தை ஏற்றினால், ஏற்றிய ரத்த அணுக்களை உடம்பே உடைத்துத் தள்ளுவது இரண்டாம் வகை. ஜி.எஸ்.டி. ரோட்டில் அடிபட்டு வருகிறவரை எவ்வளவு அவசரம் என்றாலும் 'குரூப் பாருங்க, கிராஸ் மேட்ச் பண்ணுங்க' என்று நர்சுகள் ஓடுவது இதற்காகத்தான். ஆர்.எச். நெகட்டிவ் அம்மாவுக்கு பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 'ஆன்ட்டி டி' ஊசி போடுவதும் இந்த வகையைத் தடுக்கத்தான். மூன்றாவது வகையில் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் கட்டியாகி சிறுநீரகம், மூட்டு என்று போய்த் தங்கும். லூப்பஸ் மாதிரி நோய்களில் நடப்பது இது.

கொத்தனார் கைக்கு வருவது நாலாவது வகை. இதுதான் கள்ளத்தனமானது. தொட்டதும் ஒன்றும் ஆகாது. 2 நாள், 3 நாள் கழித்துத்தான் அரிப்பும் கொப்புளமும் கிளம்பும்.

தாம்பரம் சானடோரியம் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதைப் புரிய வைக்க ஒரு உதாரணம் போதும். 1928-ல் தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரி ஆச்சே. காச நோய்க்கு முன்கையில் தோலுக்குள் ஒரு ஊசி போட்டு, 'ரெண்டு நாள் கழிச்சு வந்து காட்டுங்க' என்பார்கள். 48 மணி முதல் 72 மணி நேரத்தில் அந்த இடம் வீங்கித் தடித்தால் உடம்பு அந்தக் கிருமியை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வீக்கமும் கொத்தனார் கை வீக்கமும் ஒரே ஜாதி.

இதில் ஒரு ஆச்சரியம். 1901-ல் ஏ, பி, ஓ ரத்த வகைகளைக் கண்டுபிடித்து அதற்காக 1930-ல் நோபல் பரிசு வாங்கிய கார்ல் லாண்ட்ஸ்டைனர்தான், 1942-ல் தன் கூட்டாளி சேஸுடன் சேர்ந்து இந்தத் தாமத அலர்ஜியின் குட்டையும் உடைத்தார். அலர்ஜி உள்ள சீமை எலியின் ரத்த நீரை இன்னொரு எலிக்கு ஏற்றிப் பார்த்தால் அலர்ஜி வரவில்லை. அதன் அணுக்களை ஏற்றியபோது வந்தது. அதாவது ரத்தம் மாறினால் அடிப்பது ரத்த நீரில் மிதக்கும் எதிர்ப்புப் பொருள். சிமெண்ட் தொட்டால் அடிப்பது அணுக்களே நேரில் வந்து. அணுக்கள் ஊர்ந்து வந்து சேர நேரம் பிடிக்கும். 2 நாள் தாமதம் அதனால்தான்.

இந்த 2 நாள் கணக்கு ஒரு பெரிய குழப்பத்தை உண்டாக்குகிறது. திங்கட்கிழமை பல்லாவரத்தில் பூச்சு வேலை. புதன்கிழமை குரோம்பேட்டையில் டைல்ஸ் வேலை. கை வீங்குவது புதன்கிழமை. 'இந்த வீட்டுத் தண்ணி சரியில்லை', 'நேத்து கருவாடு தின்னேன்' என்று பழி வேறு எங்கோ போய்விடுகிறது.

10 வருஷம் சும்மா இருந்துட்டு...

"இருபது வருஷமா இதே வேலைதான் பாக்குறேன், இப்ப மட்டும் ஏன் வருது?" என்று கேட்பவர்கள் நிறைய. கேள்வி நியாயமானது. பதிலும் இருக்கிறது. முதல் தடவை தொட்டதும் இந்த அலர்ஜி வராது. உடம்பு குரோமியத்தை அடையாளம் தெரிந்து பகையாக வைத்துக்கொள்ள மாதங்கள் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம். ஒரு தடவை பகை விழுந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது.

சிமெண்டின் காரம் தின்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். காரப் புண் யாருக்கும் வரும். 10 நாள் வேலைக்குப் போகாமல் இருந்தால் ஆறிவிடும். குரோம் அலர்ஜி எல்லோருக்கும் வராது. வந்தவருக்கு ஒரு சிட்டிகை போதும், மறுபடி கிளம்பும். வேலையை விட்டு வருஷங்கள் ஆன பிறகும் அரிப்பு நிற்காதவர்கள் உண்டு.

அது ஏன் என்றால், குரோம் சிமெண்டில் மட்டும் இல்லை. சாதாரணத் தோல் செருப்பில் பெரும்பாலானவை குரோமில் பதனிட்டவை. கை ஆறிக்கொண்டிருக்கும், காலில் செருப்பு வார் பட்ட இடம் மட்டும் கோடு போட்ட மாதிரி சிவக்கும். இன்னொரு கொடுமையும் உண்டு. கையைக் காப்பாற்ற வேண்டும் என்று நல்ல எண்ணத்தில் தோல் கிளவுஸ் வாங்கிப் போடுகிறார்களே, அந்த கிளவுசும் குரோம் தோல்தான்!

ரப்பர் அல்லது நைட்ரைல் கிளவுஸ்தான் போட வேண்டும். அதிலும் சித்திரை வெயிலில் கிளவுசுக்குள் வியர்வை குளமாகும். உள்ளே ஒரு துளி கலவை போய்விட்டால் ஊறிக்கொண்டே கிடந்து வெறுங்கையைவிட மோசமாகிவிடும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போட வேண்டும். கழுவுவது என்றால் கரணை கழுவிய அதே பக்கெட் தண்ணீரில் இல்லை. அந்தத் தண்ணீரே குரோமியக் கஷாயம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பது இன்னும் தப்பு. தேங்காய் எண்ணெய் தடவினால் வெடிப்புக்கு இதமாக இருக்கும், ஆனால் குரோமியத்தை அது நிறுத்தாது.

மெடிக்கல் ஷாப் களிம்பு

வேலை முடிந்து போகும்போது மெடிக்கல் ஷாப்பில் கையை நீட்டிக் காட்டினால் ஒரு டியூப் தருவார்கள். தடவினால் ராத்திரியே அரிப்பு நிற்கும். மந்திரம் மாதிரி இருக்கும். அது பெரும்பாலும் ஸ்டீராய்டு களிம்பு. காவல்படைக்கு மயக்க மருந்து கொடுக்கிற மாதிரி. மருந்து நின்றதும் படை எழுந்து மறுபடி அடிக்கும். மாதக்கணக்கில் டாக்டரைக் கேட்காமல் தடவினால் தோல் தாள் மாதிரி மெலிந்துபோகும். மெலிந்த தோலில் குரோமியம் இன்னும் சுலபமாக இறங்கும். படர்தாமரை இருந்து அதற்குத் தடவினால் ஊரெல்லாம் பரவும். இதைத் தடுக்கத்தான் 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற 'ஷெட்யூல் எச்' பட்டியலில் சேர்த்தது. டியூப்பில் சிவப்புக் கோடும் எழுத்தும் இருக்கும். எந்தக் கடையில் யார் சீட்டு கேட்கிறார்கள் என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

டென்மார்க்கில் 1983-லேயே!

இந்த நோயைத் தடுக்கவே முடியாதா என்றால், முடியும். முடிந்திருக்கிறது. டென்மார்க் 1983-ல் சட்டம் போட்டது. சிமெண்டில் கரையும் குரோமியம்-6 பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். வழி ரொம்ப எளிது. அரைக்கும்போது கொஞ்சம் பெர்ரஸ் சல்பேட், அதாவது அன்னபேதி உப்பு சேர்த்தால் போதும். கலவையில் தண்ணீர் பட்டதும் அது குரோமியம்-6-ஐப் பிடித்துத் திரும்ப சாது குரோமியம்-3 ஆக்கிவிடும். அதற்குப் பிறகு அங்கே கட்டிட வேலைக்காரர்களிடம் இந்த அலர்ஜி நன்றாகக் குறைந்தது. பின்லாந்து 1987-ல் வந்தது. 2005 ஜனவரி முதல் ஐரோப்பிய யூனியன் முழுக்க அதே 2 பங்கு வரம்பு.

அன்னபேதி ஒன்றும் தங்கம் இல்லை. இரும்பு, டைட்டானியம் ஆலைகளில் கழிவாகவே கிடைப்பது. 50 கிலோ மூட்டைக்குக் கால் கிலோவுக்குள் போதும். ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். நாள் ஆக ஆக, ஈரக்காற்று பட்டால், அன்னபேதியின் சக்தி போய்விடும். ஐரோப்பாவில் மூட்டை மேல் எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று அச்சடிக்கிறார்கள். மெட்ராஸ் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம் போகும். அதற்காக ஆரம்பிக்கவே கூடாது என்று ஆகிவிடுமா?

இங்கே சிமெண்ட் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். 43 கிரேடா, 53 கிரேடா என்று இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும். எந்த வாரம், எந்த வருஷம் தயாரிப்பு என்று இருக்கும். விலை இருக்கும். குரோமியம் பற்றி ஒரு எழுத்து இருக்காது. ஐரோப்பா மாதிரிக் கட்டாய வரம்பு இங்கே இல்லை.

தோல் விஷயத்தில் கதையே வேறு. 2015 மே முதல், உடம்பில் படும் தோல் பொருளில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லி கிராமைத் தொட்டால் ஐரோப்பாவில் விற்க முடியாது. ஆம்பூர், ராணிப்பேட்டை, பல்லாவரம் தோல் என்றாலும் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் கப்பல் ஏறாது. வெள்ளைக்காரர் கால் அரிக்கக் கூடாது என்று நம்ம ஊரில் லேப் வைத்து அளக்கிறோம். அதை அளக்கிற லேப் கட்டிடத்துக்குக் கலவை போட்டவர் கையை அளக்க ஆள் இல்லை.

சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால்...

குரோமியத்தால் வரும் நோய் தொழில் நோய்தான் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. 1923-ம் வருஷத்து தொழிலாளர் நஷ்டஈடு சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் குரோமிய நோயும் தோல் நோயும் இருந்தன. 2025 நவம்பர் 21-ந்தேதி முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. நஷ்டஈடு விவகாரம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கு வருஷம் ஒரு முறை முதலாளி செலவில் இலவச மருத்துவப் பரிசோதனை என்று மத்திய அரசு சொல்லியிருக்கிறது. காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

பிரச்சினை எங்கே என்றால், இந்த வகை நோய்க்கு நஷ்டஈடு கேட்க ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது பழைய சட்டத்தில் இருந்த நிபந்தனை. டீக்கடை வாசலில் தினம் ஒரு மேஸ்திரி பின்னால் போகிறவருக்கு முதலாளி யார்? 6 நாள் சேர்ந்தாற்போல ஒரே இடத்தில் வேலை கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

அடுத்தது இன்னும் முக்கியம். கட்டிடச் செலவில் 1 சதவீதம் 'செஸ்' பிடித்து அந்தப் பணத்தில்தான் கட்டுமானத் தொழிலாளர் நலத் திட்டங்கள் நடக்கின்றன. சொந்தக் குடியிருப்புக்குக் கட்டும் வீட்டில் 10 லட்சம் ரூபாய்க்குள் செலவு என்றால் பழைய சட்டத்தில் விலக்கு இருந்தது. புதிய தொகுப்பில் அந்த வரம்பு 50 லட்சம்! 10 பேருக்குக் குறைவாக ஆள் வைத்து நடக்கும் வேலையும் கணக்கில் வராது. வீடு கட்டுகிற நடுத்தரக் குடும்பத்துக்கு இது நல்ல செய்தி, மறுப்பதற்கில்லை. ஆனால் அஸ்தினாபுரத்திலும் நெமிலிச்சேரியிலும் சந்துக்குச் சந்து எழும்புகிற வீடுகள் எந்த ரகம் என்று யோசித்துப் பாருங்கள். 2 கொத்தனார், 3 சித்தாள், 1 பெரியாள், செலவு 50 லட்சத்துக்குள். பெரிய கம்பெனி அபார்ட்மெண்டில் பம்ப் வைத்துக் காங்கிரீட் ஊற்றுகிறார்கள், கிளவுஸ், பூட்ஸ் என்று ஏதோ இருக்கிறது. வெறுங்கையால் கலவையை அள்ளுவது சின்ன வீடுகளில்தான். சட்டத்தின் வேலி சரியாக அந்த வாசலுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

சித்தாள் பெண்களின் நிலை இதைவிடப் பரிதாபம். கலவைச் சட்டி தலையில், சிமெண்ட் தண்ணீர் கழுத்திலும் தோளிலும் வழியும். வீட்டுக்குப் போனதும் பாத்திரம், துணி, சோப்பு. வெடித்த கைக்கு ஓய்வு எப்போது?

முதுகில் ஒட்டும் சோதனை

வருவது சாதாரணக் காரப் புண்ணா, குரோம் அலர்ஜியா என்று வெளியே பார்த்துச் சொல்வது தோல் டாக்டர்களுக்கே கஷ்டம். அதற்கு 'பேட்ச் டெஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை. பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த களிம்பைத் துளியளவு முதுகில் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். கூடவே நிக்கல், ரப்பர், வாசனைப் பொருள் என்று மற்றவையும் வரிசையாக ஒட்டுவார்கள். எந்த இடம் சிவந்து தடிக்கிறதோ அதுதான் குற்றவாளி. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளின் தோல் நோய்ப் பிரிவில் இதைக் கேட்டுப் பார்க்கலாம். எழுதித் தரும் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு நஷ்டஈடு என்று யாரிடம் போய் நின்றாலும் 'சிமெண்ட் தின்னுடுச்சு' என்ற வாய் வார்த்தை செல்லாது, அந்தச் சீட்டு பேசும்.

அதோடு, குரோம்தான் என்று உறுதியானால் சில பேர் பூச்சு வேலையை விட்டுவிட்டுக் கம்பி கட்டவோ சென்ட்ரிங் அடிக்கவோ மாறிக்கொள்ளலாம். கூலி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கை மிஞ்சும்.

சோதனையில் ஒரே ஒரு தொல்லை. பிளாஸ்திரி ஒட்டியிருக்கும்வரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. அப்படியானால் சுமை தூக்க முடியாது, வெயிலில் நிற்க முடியாது. திங்கட்கிழமை ஒட்டினால் புதன்கிழமை பிரித்துப் பார்ப்பார்கள். தாமத அலர்ஜி ஆச்சே, வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வரச் சொல்வார்கள். கொத்தனாருக்குச் சம்பளம் சனிக்கிழமை.